வரைபடம் முடிந்த பிறகு எதற்குக் கூட்டம்?

சாலை, வடிகால், பூங்கா, பேருந்து நிறுத்தம் போன்ற உள்ளூர்ப் பணிகளைத் திட்டமிடும்போது மக்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது? வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, திட்டமிடலிலும் களப்பணியிலும் தேர்ந்தவர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் பகுதிச் சாலையை அகலப்படுத்தக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றார்கள். போய்ப் பார்த்தால் எல்லாம் முடிவாகி, வண்ணப்படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இந்த மாதிரிக் கூட்டத்தில் பேசி என்ன ஆகப்போகிறது? எந்தக் கட்டத்தில் எங்களைக் கேட்டிருக்க வேண்டும்?

பதில்: சட்டம் போட்டு மாட்டுவதற்கு வெகு முன்பே. ஒரு சாலைத் திட்டம் ஐந்து கட்டங்களைக் கடந்து வருகிறது. என்ன பிரச்சினை என்று வரையறுப்பது முதல் கட்டம். தீர்வுக்கான மாற்று வழிகளைப் பட்டியலிடுவது இரண்டாவது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, சாலை செல்லும் தடத்தை முடிவு செய்வது மூன்றாவது. விரிவான வரைபடமும் மதிப்பீடும் நான்காவது, டெண்டர் ஐந்தாவது. முதல் இரண்டு கட்டங்களில் ஒரு யோசனையை ஏற்றுக்கொள்ள ஒரு பென்சில் கோடு போதும். நான்காவது கட்டத்தில் அதே யோசனைக்காக அளவெடுப்பையும் கணக்கையும் திரும்பச் செய்ய வேண்டும். டெண்டருக்குப் பிறகு மாற்றினால் ஒப்பந்ததாரர் கூடுதல் தொகை கேட்பார். கேட்க அவருக்கு உரிமையும் உண்டு. தாமதமாக நடக்கும் கூட்டங்களில் மேடையில் இருப்பவர்கள் எதற்கும் பிடிகொடுக்காமல் பேசுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

1998-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, சுற்றுச்சூழலைப் பாதிக்கும் திட்டங்களில் எல்லா மாற்று வழிகளும் திறந்திருக்கும்போதே மக்களைக் கேட்க வேண்டும் என்கிறது. அப்படி எழுதி வைத்த கண்டத்திலேயே தவறியதும் உண்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்தைத் தரைக்கடியில் கொண்டுபோகும் திட்டம் 1994-இல் அறிவிக்கப்பட்டது. சட்டப்படியான ஆட்சேபனைக் கட்டங்கள் எல்லாம் முறையாக முடிந்தன. ஆனால் திட்டம் என்னவென்று பெரும்பாலோருக்கு உறைத்தது 2010-இல் இடிப்பு வேலை தொடங்கியபோதுதான். அந்த ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி போராட்டக்காரர்கள் மீது தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் அளவுக்குப் போனது. பிறகு தொலைக்காட்சியில் நேரலையாக மத்தியஸ்தப் பேச்சு, 2011 நவம்பரில் வாக்கெடுப்பு. வாக்கெடுப்பில் திட்டம் தப்பியது. கேட்கிற வேலை இடிப்புக்குப் பின்னால் வந்ததுதான் அங்கே நடந்த பிழை.

நீங்கள் போன கூட்டத்தில் தடத்தை மாற்றச் சொல்லிக் கேட்பது அநேகமாக வீண். அந்த நேரத்திலும் மாறக்கூடியவை சில உண்டு. நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் கிடைக்கும் அகலம் எவ்வளவு (இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் வேண்டும்), சாலையைக் கடக்கும் இடங்கள் எங்கே, எந்த மரங்கள் தப்பும், வேலை எந்தப் பகுதியில் தொடங்கி எப்படி நகரும், அதுவரை வண்டிகள் எந்த வழியில் திருப்பிவிடப்படும், வீட்டு வாசல் மட்டமும் சாலை மட்டமும் எப்படி ஒத்துப்போகும். இவற்றை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறாமல் போவது சகஜம்.

கேள்வி: "தெரிவித்தோம்" என்பதையே "கலந்தாலோசித்தோம்" என்று சொல்கிறார்கள். வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் ஒரு கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக வரைந்தார். அடிப்படிகளில் இருப்பது மக்களைச் சமாளிப்பது. நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, பெயருக்கு ஓரிரு இடம் தருவது. மேலே போகப் போக அதிகாரத்தில் பங்கு கிடைக்கிறது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த ஏணி பயன்படுகிறது.

எல்லாத் திட்டமும் மேல்படியில் இருந்தாக வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். உடைந்த குடிநீர்க் குழாயை மாற்றுவதற்குத் தகவல் போதும். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லாமல் இருப்பதுதான் தவறு. அறிவிப்பிலேயே மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: முடிவாகிவிட்டவை, உங்கள் கருத்தால் மாறக்கூடியவை, நீங்களே முடிவு செய்யப்போகிறவை. நடுப்பத்தியும் கடைசிப் பத்தியும் காலியாக இருந்தால் அது தகவல் கூட்டம். அந்தப் பெயரிலேயே நடத்தட்டும், கோபமாவது குறையும்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் முதல்முறையாக ஒரு திட்டக் கூட்டம் நடத்தப்போகிறது. நூறு பேர் வரலாம். வழக்கமாக ஐந்து பேரே மைக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மைக்கை எடுத்துவிடுங்கள். கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் அறிமுகத்துக்கு 20 நிமிடம் போனால் 70 நிமிடம் மிஞ்சும். ஆளுக்கு 3 நிமிடம் கொடுத்தாலும் 23 பேர்தான் பேச முடியும். மற்ற 77 பேர் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதே நூறு பேரை மேசைக்கு எட்டுப் பேராக 13 மேசைகளில் உட்கார வைத்து 45 நிமிடம் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடைக்கும்.

மேசைக்கு இரண்டு பேர் வேண்டும்: பேச்சை நடத்துபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் எழுதுவதுதான் முதலில் நின்றுபோகும். நடத்துபவர் திட்டத்தை வரைந்த பொறியாளராக இருக்கக் கூடாது. அவர் தன் வரைபடத்துக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடுவார், மனித இயல்பு. பொறியாளர்கள் தனி மேசையில் இருக்கட்டும், சந்தேகம் வந்தால் அழைக்கலாம். நுழையும்போதே எண் எழுதிய சீட்டுக் கொடுத்து மேசை ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஒரே தெருக்காரர்கள், ஒரே கட்சிக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மேசை மேல் வைக்கும் வரைபடம் முக்கியம். ஒரு தெருவைப் பற்றிப் பேச 1:500 அளவு சரி. அதில் ஒரு மீட்டர் என்பது 2 மில்லிமீட்டர். ஒரு ஏ0 தாளில் (சுமார் 119 செ.மீ. நீளம், 84 செ.மீ. அகலம்) ஏறக்குறைய 594 மீட்டர் நீளமும் 420 மீட்டர் அகலமும் அடங்கும். வீடு வீடாக அடையாளம் தெரியும். 1:5000 வரைபடத்தில் ஒரு வீடு 2 மில்லிமீட்டர் புள்ளி ஆகிவிடும். அதை வைத்துக்கொண்டு "உங்கள் வாசலில் என்ன பிரச்சினை" என்று கேட்டால் பதில் வராது. பள்ளி, கோபுரம், பெரிய மரம், தண்ணீர்த் தொட்டி என ஊரார் வழி சொல்லப் பயன்படுத்தும் அடையாளங்களை எல்லாம் வரைபடத்தில் எழுதுங்கள். சர்வே எண் மட்டும் போட்ட படத்தைப் பார்த்துத் தன் வீட்டைக் கண்டுபிடிக்கவே பலருக்குப் பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடம் பேச்சிலிருந்து போகும்.

வரைபடம் படிக்கப் பழகாதவர்கள் அதிகம் இருந்தால் அட்டையில் மாதிரி செய்யலாம். 1970-களில் இங்கிலாந்தில் டோனி கிப்சன் இப்படி ஒரு முறையை வளர்த்தார். பகுதியின் அட்டை மாதிரியைச் சுற்றி மக்கள் நிற்பார்கள். விளக்குக் கம்பம், வேகத்தடை, விளையாட்டிடம் என்று படம் போட்ட சீட்டுகளை வேண்டிய இடத்தில் வைப்பார்கள். பேசத் தயங்குகிறவரும் சீட்டு வைப்பார். யார் வைத்தார்கள் என்பது பெரிதாகத் தெரியாததால் சண்டையும் குறைவு.

முடிவில் ஒவ்வொரு மேசையும் மூன்று விஷயத்தை மட்டும் சபையில் சொல்லட்டும். முந்தைய மேசை சொன்னதை அடுத்தவர் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இந்தப் பகுதி மட்டும் ஒரு மணி நேரம் இழுக்கும்.

கேள்வி: கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும்?

பதில்: சிறிய தெருப் பணிக்கு மூன்று வாரம். பெரிய திட்டங்களுக்குச் சட்டமே சொல்லியிருக்கும். இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். விசாரணையை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். நாளிதழ் விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். வேலை நடக்கப்போகும் இடத்திலேயே ஒரு பலகை வையுங்கள். நடந்துபோகிறவர் நிற்காமலே படிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்கட்டும். பலகையில் படம் ஒன்று, தேதி, இடம், வர முடியாதவர் கருத்தை எங்கே எப்படிக் கொடுப்பது என்பது. இவ்வளவு போதும்.

கேள்வி: நான் ஒரு வடிகால் திட்டத்தில் வேலை செய்யும் இளநிலைப் பொறியாளர். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீரியல் கணக்கு தெரியாதவர்களிடம் எதைக் கேட்பது?

பதில்: "வடிகால் வேண்டுமா, எங்கே வேண்டும்" என்று கேட்டால் ஆளுக்கொன்றுதான் வரும். தீர்வைக் கேட்காதீர்கள், கண்டதைக் கேளுங்கள். எந்த ஆண்டு மழையில் தண்ணீர் உங்கள் வீட்டில் எந்தப் படிவரை வந்தது? எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? எத்தனை மணி நேரம் நின்றது? மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஏறியதா, நின்று இரண்டு மணி நேரம் கழித்தா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பொன்னானது. பெய்யும்போதே ஏறினால் அந்த இடத்து நீர் உள்ளே இறங்க வாயில்லை: மழைநீர் வடிகாலுக்குள் இறங்கும் திறப்புகள் அடைப்பு, அல்லது போதாது. மழை விட்ட பிறகு ஏறினால் மேட்டிலிருந்தோ ஆற்றிலிருந்தோ வருகிறது, அல்லது கீழ்முனை நிரம்பிப் பின்னோக்கித் தள்ளுகிறது. இரண்டுக்கும் வேலை வேறு. தெருவில் இன்னும் பெரிய வடிகால் போட்டு இரண்டாவது பிரச்சினை தீராது.

தகவலை எடுக்கும் முறை: ஒரு தெருவில் மூன்று வீடுகளையாவது தனித்தனியாகக் கேளுங்கள். "முழங்கால் அளவு" என்றால் எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். சுவரில் கைவைத்துக் காட்டச் சொல்லி, அங்கே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஒரு பொது மட்டப் புள்ளியிலிருந்து (எல்லா அளவுக்கும் அடிப்படையாக வைக்கும், உயரம் மாறாத அடையாளம்) அளவெடுங்கள். ஆண்டு, மணி, சொன்னவர் எவ்வளவு காலமாக அங்கே வசிக்கிறார், எல்லாம் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரே வெள்ளத்துக்கு அடுத்தடுத்த வீட்டுக் கோடுகள் 15 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் மறுபடி போய்ப் பாருங்கள். காரணம் வழக்கமாக மூன்றில் ஒன்றாக இருக்கும்: இருவரும் வேறு வேறு ஆண்டைச் சொல்கிறார்கள், ஒருவர் வீட்டின் தளத்தை இடையில் உயர்த்திக் கட்டியிருக்கிறார், அல்லது போன வண்டியின் அலை சுவரில் விட்ட தடத்தை நீர்மட்டம் என்று காட்டுகிறார். சாலைக்கு மேல் சாலை போட்டு மட்டம் உயர்ந்திருந்தால் பழைய கோடுகளை இன்றைய சாலையோடு ஒப்பிடக் கூடாது, பொது மட்டப் புள்ளியோடுதான் ஒப்பிட வேண்டும்.

நீரின் போக்கை நடந்து பார்ப்பது இன்னொரு வேலை. பழைய குடியிருப்பாளர்கள் நான்கைந்து பேரோடு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நடங்கள். மூடப்பட்ட கால்வாய், யாரோ சுவர் எழுப்பி அடைத்த சந்து, இப்போது கட்டடம் நிற்கும் குட்டை ஆகியவை சர்வே படத்தில் இருக்காது. நடப்பவர்களுக்குத் தெரியும்.

உங்கள் துறையில் மக்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குக் பாகிஸ்தானின் கராச்சி நகரில் உள்ள ஒராங்கி என்ற ஏழைக் குடியிருப்பு ஒரு பாடம். 1980-இல் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார். 20 முதல் 30 வீடுகள் கொண்ட சந்து ஓர் அலகு. வீட்டுக் கழிப்பறை, சந்தில் போகும் குழாய், அவற்றைச் சேர்க்கும் இரண்டாம் நிலைக் குழாய் மூன்றையும் மக்களே பணம் போட்டுக் கட்டினார்கள். பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பங்கு. மட்டம் பார்க்கும் கருவியும் வரைபடமும் தொழில்நுட்ப ஆலோசனையும் திட்டம் கொடுத்தது. எங்கே மக்கள் முடிவு செய்யலாம், எங்கே பொறியாளர் இல்லாமல் முடியாது என்ற கோடு அங்கே தெளிவாகப் போடப்பட்டிருந்தது. சந்துக்குள் மக்கள், சந்துகளை இணைக்கும் மட்டத்துக்குப் பொறியாளர். அந்தக் கோடு இல்லாவிட்டால் ஒவ்வொரு சந்தும் தன் வசதிக்கு மட்டம் வைத்து, கடைசியில் சேரும் இடத்தில் நீர் ஏறாமல் நிற்கும்.

கேள்வி: கூட்டத்துக்கு வருபவர்கள் எப்போதும் வயதான, சொந்த வீடு உள்ள ஆண்கள். பெண்களும் வாடகைதாரர்களும் வருவதில்லை. ஆர்வம் இல்லையா?

பதில்: வேலை நாள் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு ஆர்வத்தைக் குறை சொல்ல முடியாது. வருகைப் பதிவேட்டில் பெயரோடு தெரு, வயது வகுப்பு, ஆணா பெண்ணா, சொந்த வீடா வாடகையா என்ற பத்திகளைச் சேருங்கள். கூட்டம் முடிந்த அன்றே அதைப் பகுதியின் மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். யார் வரவில்லை என்பது எண்ணாகத் தெரியும். அடுத்த வேலை, அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போவது: பேருந்து நிறுத்தத்தில் காலை ஒரு மணி நேரம், பள்ளி விடும் நேரத்தில் வாசலில், நடைபாதை வியாபாரிகளிடம் வியாபாரம் மந்தமான நேரத்தில். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம், நின்றுகொண்டு பதில் சொல்பவர் அதற்கு மேல் தாங்கமாட்டார்.

சிலரிடம் கேள்வித்தாள் வேலைக்கு ஆகாது, கூடவே நடக்க வேண்டும். கனடாவின் டொரான்டோவில் 1989-இல் மெட்ராக் என்ற அமைப்பு உருவாக்கிய பாதுகாப்புத் தணிக்கை முறையில், பெண்கள் சிறு குழுவாக இருட்டிய பிறகு நடந்து, பயம் தரும் இடங்களைக் குறிப்பார்கள்: விளக்கு இல்லாத திருப்பம், ஒளிய இடம் தரும் சுவர், உதவிக்குக் கூப்பிட்டால் கேட்காத தொலைவு. பகலில் அதே குழு நடந்தால் இவற்றில் பாதி கண்ணில் படாது. வியன்னா நகரம் 1990-களின் பிற்பகுதியில் ஆராய்ந்தபோது, பத்து வயதை நெருங்கும் பெண் குழந்தைகள் பூங்காக்களுக்கு வருவதைக் குறைத்துக்கொள்வது தெரிந்தது. திறந்தவெளி முழுவதும் ஒரே பந்து மைதானமாக இருந்ததும் அதைப் பையன்கள் பிடித்துக்கொண்டதும் காரணமாகப் பட்டன. மைதானத்தைப் பிரித்து, உட்காரும் இடங்களும் வேறு விளையாட்டுகளும் சேர்த்தார்கள். வராதவர்களைப் பற்றி யாராவது எண்ணிப் பார்த்திருக்காவிட்டால் இது கூட்டத்தில் எழுந்தே இருக்காது.

குழந்தை பார்த்துக்கொள்ள ஓர் இடம், சக்கர நாற்காலி ஏறும் சரிவு, சைகை மொழிபெயர்ப்பாளர் ஆகியவற்றைச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதுங்கள். கடைசியில் சேர்க்க நினைத்தால் பணம் இருக்காது.

கேள்வி: இணையத்தில் நடத்திய கருத்துக்கணிப்பில் நாலாயிரம் பேர் மேம்பாலம் கேட்டதாகச் சொல்கிறார்கள். நாலாயிரம் பெரிய எண்தானே?

பதில்: எண் பெரிது, சான்று சிறிது. முழுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த 400 பேரைக் கேட்டால், 95 சதவீத நம்பகத்தில் (இப்படி நூறு முறை கேட்டால் சுமார் 95 முறை) விடை ஊரின் உண்மை நிலைக்கு ஐந்து சதவீதப் புள்ளி முன்பின் இருக்கும். ஆயிரம் பேர் என்றால் மூன்று புள்ளி. தாமாக வந்து பதிவு செய்த நாலாயிரம் பேருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் யார், எத்தனை பேர் இரண்டு முறை பதிவு செய்தார்கள், யார் சுட்டியை எந்தக் குழுவில் பகிர்ந்தார் என்பது தெரியாத வரை அது ஒரு மனுவில் விழுந்த கையெழுத்துகளுக்குச் சமம். மனுவுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அதை ஊரின் குரல் என்று சொல்லக் கூடாது. குலுக்கல் மாதிரியிலும் எச்சரிக்கை தேவை: 400 பேரில் 50 பேர் மட்டுமே வாடகைதாரர் என்றால், அவர்களைப் பற்றிய முடிவில் பிழை 14 புள்ளி வரை போகும்.

கேள்வியையும் வாங்கிப் பாருங்கள். "நெரிசலைக் குறைக்க மேம்பாலம் வேண்டுமா?" என்று இருந்தால் யார் வேண்டாம் என்பார்? நெரிசல் குறையும் என்ற முடிவு கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதே பணத்தில் என்னென்ன செய்யலாம், ஒவ்வொன்றிலும் எதை இழக்க வேண்டும் என்று எதிரெதிரே வைத்துக் கேட்டிருந்தால்தான் விடைக்கு அர்த்தம்.

கேள்வி: சுவரில் மாட்டிய யோசனைகளில் பிடித்தவற்றின் மேல் ஆளுக்குச் சில வண்ணப் புள்ளிகளை ஒட்டி வாக்களிக்கும் முறை சரியா?

பதில்: வேகமானது, ஏமாற்றக்கூடியது. முதலில் ஒட்டப்பட்ட இடத்தைச் சுற்றியே பின்னால் வருபவர்களும் ஒட்டுவார்கள். ஒரே மாதிரி யோசனைகள் இரண்டு இருந்தால் வாக்கு பிரிந்து இரண்டும் தோற்கும். அதனால் ஒத்த யோசனைகளை முதலில் இணையுங்கள். யோசனைகளின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குப் புள்ளிகளை ஆளுக்குக் கொடுங்கள், பன்னிரண்டுக்கு நான்கு. எதற்கு ஒட்டப்போகிறேன் என்பதைச் சீட்டில் எழுதிய பிறகே எழுந்து போகச் சொல்லுங்கள். கிடைப்பது முன்னுரிமைக் குறிப்புதான், முடிவு அல்ல.

கேள்வி: கடைத்தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு மட்டும் விடலாம் என்கிறோம். வியாபாரிகள் கடுமையாக எதிர்க்கிறார்கள். கூட்டம் போட்டால் அடிதடிதான்.

பதில்: அப்படியானால் கூட்டத்தை ஒத்திப்போட்டு, சோதனை ஓட்டம் நடத்துங்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009 மே மாதம் பிராட்வேயின் ஒரு பகுதியை வண்டிகளுக்கு மூடி, மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். கான்கிரீட் ஏதும் இல்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நிரந்தரமாக்குவதாக அறிவித்தார்கள். ஸ்டாக்ஹோம் நகரில் நெரிசல் கட்டணத்துக்கு (நெரிசலைக் குறைக்க, நகரின் மையத்துக்குள் போய்வரும் வண்டிகளிடம் வாங்குவது) முதலில் கடும் எதிர்ப்பு. 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை சோதனையாக நடத்தி, நிறுத்திவிட்டு, செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். நகரவாசிகளில் பாதிக்கு மேல் ஆதரித்தனர். தனியாக வாக்கெடுப்பு நடத்திய சுற்றுப்புற நகராட்சிகளில் எதிர்ப்பே அதிகம். ஆக, யாரைக் கேட்கிறோம் என்ற எல்லைக்கோடு எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து விடையே மாறுகிறது.

சோதனை வெற்றிபெற மூன்று நிபந்தனை. தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் முன்பே அறிவிக்கப்பட வேண்டும். "பார்க்கலாம்" என்று தொடங்கினால் நிரந்தரமாக்கும் தந்திரம் என்று நினைப்பார்கள், நியாயமாகவே. முன்னதாக அளவெடுத்திருக்க வேண்டும்: கடைக்கு வருபவர் எண்ணிக்கை, அவர்கள் எப்படி வந்தார்கள், சரக்கு வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, பக்கத்துத் தெருவில் நெரிசல் எவ்வளவு. குறைந்தது இரண்டு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும் எண்ணுங்கள். மூன்றாவது நிபந்தனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: என்ன நடந்தால் சோதனையைக் கைவிடுவோம் என்பதை வியாபாரிகளோடு உட்கார்ந்து முன்கூட்டியே எழுத வேண்டும். சரக்கு இறக்கும் நேரம் பெரும்பாலும் அவர்களின் உண்மையான கவலை. காலை சில மணி நேரம் சரக்கு வண்டிகளுக்குத் திறந்துவிட்டால் எதிர்ப்பில் பெரும் பகுதி கரைந்துவிடும். அதைப் பொதுக்கூட்டத்தில் சொல்லமாட்டார்கள், கடையில் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள்.

கேள்வி: பங்கேற்பு வரவுசெலவு என்று படித்தேன். மக்களே பணத்தைப் பங்கிட்டால் பலமுள்ள தெரு எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளாதா?

பதில்: விதி இல்லாவிட்டால் அள்ளும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-இல் தொடங்கிய இந்த முறைக்கு விதி வைத்திருந்தது. நகரை 16 பகுதிகளாகப் பிரித்தார்கள். கூட்டங்களில் மக்கள் முன்னுரிமைகளை வரிசைப்படுத்தினார்கள். பணப் பங்கீட்டில் அந்த வரிசையோடு பகுதியின் மக்கள்தொகைக்கும், அங்கே அந்த வசதி எவ்வளவு குறைவு என்பதற்கும் மதிப்பெண் உண்டு. கைதூக்கும் கூட்டம் பெரிதாக இருந்தாலும் ஏற்கெனவே சாலை உள்ள பகுதிக்கு மதிப்பெண் குறையும். ஏழைப் பகுதிகளுக்குச் சாக்கடையும் தார்ச்சாலையும் போய்ச் சேர்ந்ததற்கு இந்தச் சூத்திரம் முக்கியக் காரணம். பிறகு அரசியல் ஆதரவு குறைந்து நடைமுறை வலுவிழந்தது, 2017-இல் நிறுத்திவைக்கப்பட்டது. சட்டத்தில் வேரூன்றாத நடைமுறைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

கேரளம் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. கிராமசபையில் எழுந்த விருப்பங்களைத் திட்டமாக்கப் பணிக்குழுக்கள் இருந்தன. ஆனால் முதலில் வந்த பல திட்டங்களில் மதிப்பீடே சரியில்லை. ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் வல்லுநர்களையும் தன்னார்வத் தொழில்நுட்பப் படையாகத் திரட்டிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. உங்கள் ஊரில் முயன்றால் இந்தச் சரிபார்ப்பை வாக்கெடுப்புக்கு முன்னால் வையுங்கள். நிலம் யாருடையது, செலவு எவ்வளவு, ஆண்டுப் பராமரிப்பை யார் ஏற்பார் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத யோசனை வாக்குச்சீட்டில் ஏறக் கூடாது. வென்ற பிறகு "இது முடியாது" என்று சொன்னால் அடுத்த ஆண்டு யாரும் வரமாட்டார்கள்.

கேள்வி: நான் எழுதிக் கொடுத்த கருத்தைப் படித்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பதில் அட்டவணை கேளுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் வரிசை எண், சுருக்கம், முடிவு (ஏற்கப்பட்டது, பகுதி ஏற்கப்பட்டது, ஏற்கப்படவில்லை), காரணம், வரைபடத்தில் மாறிய இடம் என ஐந்து பத்திகள். "பரிசீலிக்கப்படும்" என்பது முடிவு ஆகாது. "ஏற்கப்படவில்லை; கோரிய இடத்தில் மின்மாற்றி உள்ளது, 12 மீட்டர் தள்ளி வைக்கப்பட்டுள்ளது" என்பது முடிவு. ஒரே வாசகத்தில் அச்சடித்து வந்த முந்நூறு கடிதங்களை ஒரே கருத்தாகப் பதில் சொல்லலாம், ஆனால் முந்நூறு என்ற எண்ணையும் அதில் எழுத வேண்டும். கூட்டம் முடிந்து நான்கு வாரத்துக்குள் இது வராவிட்டால் பிறகு வருவது கடினம், கோப்பு அடுத்த மேசைக்குப் போயிருக்கும்.

கேள்வி: வேலை தொடங்கியதும் எங்கள் பங்கு முடிந்ததா?

பதில்: கண்காணிப்புக் குழு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து பேர் போதும். ஒப்பந்ததாரரோடு தகராறு செய்வது அவர்கள் வேலை அல்ல. குறிப்பெடுத்து, படமெடுத்து, பொறியாளரிடம் எழுத்தில் கொடுப்பதுதான் வேலை. வரைபடத்தின் ஒரு பிரதி கையில் இருக்க வேண்டும்.

வடிகாலில் சரிவைப் பார்ப்பது எளிது. 200-க்கு 1 என்று வரைபடத்தில் இருந்தால் 10 மீட்டருக்கு 5 செ.மீ. இறங்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய நீண்ட ஒளிபுகும் குழாயின் இரு முனைகளையும் இரண்டு இடங்களில் தூக்கிப் பிடித்தால் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும். அதிலிருந்து வடிகால் தரைவரை அளந்தால் வித்தியாசம் தெரியும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும், தட்டி வெளியேற்றிவிட்டு அளக்கவும். குழாய் பதிக்கும் வேலையில் இணைப்புகளை மண் மூடுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும், அதனால் எந்தத் தேதியில் எந்தப் பகுதி மூடப்படும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கான்கிரீட் போட்டால் குறைந்தது ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். மூன்றாம் நாளே காய்ந்து வெளுத்துக் கிடந்தால் தேதியோடு படம் எடுங்கள். மூடி போடுவதற்கு முன் மேல்முனையில் சில குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நடுவில் குட்டையாகத் தேங்கும் இடத்தைச் சுண்ணாம்பால் வட்டமிட்டு, ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகை போவதற்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.